ஒரே நம்பர்

ஹபிபுல்லா நீட்டிய பிளாஸ்டிக் கவரை வர்ஷா வாங்கவில்லை. கரையான்சாவடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பதிவுக் கவுன்டரில் அவள்தான்.

"ஃபைல் எல்லாம் வேணாம் பாய். போன் நம்பரைச் சொல்லுங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடும்."

சொன்னார்.

"பாருங்க, உங்களுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காதுன்னு சிவப்பு எழுத்துல இருக்கு."

"எனக்கு இல்லம்மா. என் சம்சாரம் ஜுலைகாவுக்கு. போன வருசம் அவளை இட்டாந்தப்போ நான்தான் சொன்னேன்."

வர்ஷா திரையை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் குடுத்திருக்கீங்க. யாரோ அவசரத்துல, மேல இருந்த உங்க பேர்ல ஏத்திட்டாங்க. ஒரு நிமிஷம்."

நாலு தட்டு தட்டினாள்.

"அவங்க பேருக்கு மாத்தியாச்சு. இனிமே எங்க எந்தக் கிளைக்குப் போனாலும், ஊசி எழுதும்போதே டாக்டருக்குத் தெரிஞ்சிடும். பேப்பரா இருந்தா இவ்ளோ சீக்கிரம் திருத்த முடியுமா?"

ஹபிபுல்லா தலையாட்டினார்.

"அவங்களுக்கு டோக்கன் போடவா? வெளிய ஆட்டோவுல இருக்காங்களா?"

"டோக்கன் வேணாம்மா. செவ்வாய்க்கெழமை அவளுக்கு இங்க இன்னா ஊசி போட்டாங்கன்னு எழுதிக் குடு. இறப்புச் சான்றிதழுக்குக் கேக்குறாங்க."

வர்ஷா ஜுலைகாவின் பக்கத்தைத் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை போட்ட பென்சிலின் ஊசிக்கு நேர் மேலே, சிவப்பு எழுத்து பளிச்சென்று இருந்தது. சரியான பெயரில்.