விரல் நுழையும் அளவுக்கு

டாக்டர் நஞ்சப்பன் கத்தியைக் கேட்டதும் ஷாஹிதா நிமிர்ந்து பார்த்தாள்.

வயிற்றுக்குள் காற்று ஏற்றும் நீள ஊசியைத்தான் அவர் எப்போதும் கேட்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே தொப்புளில் ஒரே குத்து. திருப்பூருக்கு, சிறு துளை வழியாகச் செய்யும் கேமரா ஆபரேஷன் வந்து சில வருடங்கள்தான். அதில் தன் வேகம் யாருக்கும் வராது என்பார்.

இன்று தோலைக் கீறினார். அடியிலிருந்த வெள்ளைச் சவ்வை இரண்டு கிடுக்கிகளால் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். விரல் நுழையும் அளவுக்குத் திறந்ததும், பழைய தழும்பின் கீழே குடல் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

ஒட்டியிருந்தது.

மெதுவாக விலக்கிவிட்டு, முனை மழுங்கிய குழாயை உள்ளே இறக்கினார்.

ஒரு பிசகும் இல்லை. தலைமாட்டில் மயக்க மருந்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஷாஹிதாவுக்குச் செல்லத்தாய் நினைவுக்கு வந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன் இதே மேசையில் செல்லத்தாய் படுத்திருந்தாள். தேனிப் பக்கமிருந்து வந்து, அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். அவள் வயிற்றிலும் இதே மாதிரி நெடுக்குத் தழும்பு. குத்துவதற்கு முன் கொஞ்சம் கீறித் திறந்து பார்த்துவிடலாமே என்று ஷாஹிதா சொன்னாள்.

“அதெல்லாம் நமக்குப் பழக்கமில்லீங்க டாக்டர்” என்று சிரித்துக்கொண்டே குத்தினார்.

குத்து குடலில் இறங்கியது. அன்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு காயத்திலிருந்து மலம் கசிந்தது. வார்டு முழுக்க நாற்றம். இப்போது செல்லத்தாய் வயிற்றில் மலம் சேரும் பையை ஒட்டிக்கொண்டு நடமாடுகிறாள். கம்பெனியில் யாரும் அவள் பக்கத்தில் நிற்பதில்லை என்று வேலையை விட்டுவிட்டாள். குடல் ரொம்ப வீக்காக இருந்தது என்று அவள் புருஷனிடம் நஞ்சப்பன் சொன்னபோது, ஷாஹிதா கூடவே நின்றிருந்தாள்.

இப்படித் திறந்து செய்ய அவருக்குத் தெரியாது என்றுதான் அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு நஞ்சப்பன் தலைமாட்டுக்கு வந்தார். மயக்கம் தெளிந்துகொண்டிருந்தவளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“முடிஞ்சுது கண்ணு. நம்ம பசங்க வெளியிலதான் நிக்கறாங்க.”

மனைவியை வார்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே கொண்டுவரச் சொன்னார். ஒரு பனியன் கம்பெனி டெய்லர். அவள் வயிற்றிலும் தழும்பு இருந்தது. நர்ஸ் வழக்கம்போல நீள ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

ஷாஹிதா மருந்து ஏற்றிய சிரிஞ்சைக் கீழே வைத்தாள்.

“இவங்களுக்கும் திறந்துதான் பண்ணணும். இல்லேன்னா நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்.”

நஞ்சப்பன் தட்டிலிருந்த நீள ஊசியை ஒதுக்கி வைத்தார். “சரிங்க” என்றார், வெகு சாதாரணமாக.

அன்று செல்லத்தாய்க்கும் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தபடி அவள் சிரிஞ்சை எடுத்தாள்.