வேலிக்குப் பின்னால் கொட்டிய பால்

"இந்த வருஷம் என்னால முடியாது, லவ்டே. பல்லைக் காட்டி அந்தப் பாலை வாங்கிக்கறது, அவர் தலை மறைஞ்சதும் வேலிக்குப் பின்னால கொண்டுபோய்க் கொட்டறது… போதும்."

"மெதுவா பேசுடி. வயல் ஹெட்லியோடது. சுனையும் அவர் வயல்லதான் இருக்கு. கோவத்துல கேட்டைப் பூட்டிட்டார்னா பிரிஜிட் தாயை எங்க வச்சுக் கும்பிடுவே? என் வீட்டுக் குளியல் தொட்டியிலயா?"

கெரென்சா சுனையோரக் கல்லில் மெழுகுவத்திகளை ஏற்றினாள். ஏற்ற ஏற்ற கார்ன்வாலின் பிப்ரவரிக் காற்று அணைத்தது. பக்கத்து முள்மரத்தில் வேண்டுதலுக்குக் கட்டிய துணிகள் படபடத்தன.

பிரிஜிட் தாய்க்கு எடுக்கும் இம்பால்க் பண்டிகை. பெண் ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் நாள். பழைய தெய்வங்களைக் கும்பிடும் பேகன்களுக்கு இதுதான் வசந்தத்தின் வாசல். ஹெட்லி டிரெம்பாத்தின் அம்மா காலத்திலிருந்தே அன்று காலை அவர்கள் பண்ணையிலிருந்து ஒரு தூக்கு ஆட்டுப்பால் சுனைக்கு வந்துவிடும். அதை வாங்கிக் குடித்த பழைய ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது கும்பிட வருகிறவர்கள் எல்லோருமே வீகன். இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், தேன்கூடத் தொடமாட்டார்கள். அதை ஹெட்லியிடம் சொல்லத்தான் இத்தனை வருடமாக ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"பூஜையில நான் என்ன சொல்றேன்? 'தாயே, ஒரு உயிரையும் வதைக்காம உனக்கு விருந்து வச்சிருக்கோம்'னு சொல்றேன். சொல்லும்போது அந்தத் தூக்கு என்னையே பாக்குது" என்றாள் கெரென்சா.

"தூக்குக்குக் கண்ணு கிடையாது, ஹெட்லிக்கு உண்டு. அதோ வர்றார். மூஞ்சிய நல்லா வச்சுக்கோ."

வழக்கமாகத் தூக்கை மதில்மேல் வைத்து, கையை ஆட்டிவிட்டுப் போகிறவர், இன்று கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்தார்.

"குளிர் எப்படி, பொண்ணுங்களா?"

"பல்லு தந்தியடிக்குது. குடுங்க ஹெட்லி, நான் வச்சுடறேன்" என்று லவ்டே கையை நீட்டினாள்.

அவர் தூக்கை விடவில்லை. "இருக்கட்டும். இன்னைக்கு நான் கொஞ்சம் நிக்கறேன். நீங்க இதைக் குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை…"

"ஜெபமா? ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற ஆளு, எங்க கூட்டத்துல சேர்ந்துட்டீங்களா?"

"அதில்ல… வந்து…" அவர் தொப்பியைக் கழற்றி முறுக்க ஆரம்பித்தார். ஆனாலும் போகிற வழியாக இல்லை.

லவ்டே கெரென்சாவின் காதைக் கடித்தாள். "குடிக்கறதைப் பாக்காம இந்த மனுஷன் நகர மாட்டார். ஒரு வாய் குடிச்சுத் தொலைடி. தாய் மன்னிப்பா."

"தாய் மன்னிப்பா. குட்டி?"

சந்தில் மற்றவர்களின் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பூஜை. கெரென்சா எழுந்து அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"ஹெட்லி, நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீங்க கேட்டைப் பூட்டினாலும் சரிதான். நாங்க பால் குடிக்கறதில்ல. குட்டிக்குன்னு சுரந்தது குட்டிக்குத்தான்ங்கறது எங்க கொள்கை. உங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒவ்வொரு வருஷமும் வாங்கி, நீங்க போனதும் வேலிக்குப் பின்னால கொட்டிடுவோம்."

லவ்டே கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹெட்லி மெல்லக் கல்லின்மேல் உட்கார்ந்தார். "ஒரு வாய்கூடக் குடிச்சதில்லயா?"

"இல்ல."

"லவ்டே, ஆட்டுப்பால் வாசனையே தனின்னு போன வருஷம் சப்புக் கொட்டினியே?"

"அது… சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன், ஹெட்லி. மன்னிச்சிடுங்க."

அவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இப்படி ஒரு வயதான மனிதரை அழவைத்துவிட்டோமே என்று கெரென்சா பதறி அவர் பக்கத்தில் குனிந்தாள். அவர் தோளில் கை வைக்கப் போனவள், தொப்பி இறங்கியதும் அப்படியே நின்றாள். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது, பொண்ணே. போன வருஷம் லவ்டே சொன்னதைக் கேட்டுட்டுப் போய் அன்னைக்கு ராத்திரி பூரா நான் தூங்கல."

"ஏன்?"

"எங்க அம்மா நடத்தின வழக்கம், விட மனசில்ல. ஆனா இப்பத்தான் குட்டி போட்ட ஆட்டுகிட்ட போய்க் குனிஞ்சா, குட்டி பக்கத்துல வந்து நின்னு என் மூஞ்சியவே பாக்குது. அது வாயிலேர்ந்து பிடுங்கி சாமிக்குக் குடுக்க என்னால ஆகல. அம்மா போனப்புறம் ஒரு தடவைகூட நான் கறந்ததில்ல."

"அப்போ இந்தத் தூக்குல வந்துக்கிட்டிருந்தது?"

"ஓட்ஸை ஊறவச்சு, அரைச்சு, துணியில வடிகட்டினது. சாமி விஷயத்துல இவ்வளவு வருஷம் உங்களை ஏமாத்திட்டேனே, இன்னைக்காவது சொல்லிடணும்னுதான் நேர்ல வந்தேன்."

அந்த ஓட்ஸ் பாலுக்கு முதலில் கிண்ணத்தை நீட்டியவள் லவ்டேதான்.