மூணாவது கால்

ஒரு காக்காவுக்கு முட்டையிடும் நேரம் வந்துவிட்டது. நாலு காலில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூடு கட்ட ஆசை. ஆனால் தொட்டி விழுந்துவிட்டால்?

எதிர் ஆபீசில் ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தன. கட்டடம் நிற்குமா, விழுமா என்று கணக்குப் போடுவதுதான் ரெண்டுக்கும் வேலை. காக்கா ஜன்னலில் உட்கார்ந்து கேட்டது.

புதுசு கலர் கலராகப் படம் காட்டியது. "நிக்கும். போய்க் கட்டிக்கோ."

பழசுக்குக் கறுப்புத் திரைதான். "முதல் கால் எதுமேல நிக்குது?" என்றது.

"கான்கிரீட்மேல."

"ரெண்டாவது கால்?"

"அதுவும்தான்."

"மூணாவது கால்?"

"ஏன் உயிரை எடுக்கிற? புதுசு இதெல்லாம் கேக்கவே இல்லையே."

"நாலும் கெட்டியா நிக்குதுன்னு நானே வச்சுக்கிட்டேன்," என்றது புதுசு.

காக்காவுக்கு மனசு குறுகுறுத்தது. பறந்துபோய் எட்டிப் பார்த்தது. மூணாவது காலுக்கு அடியில் எலி வளை தோண்டியிருந்தது. கான்கிரீட்டே அந்தரத்தில் தொங்கியது.

காக்கா திரும்பி வந்து நன்றிகூடச் சொல்லவில்லை. குச்சியைக் கவ்விக்கொண்டு நேராகப் புளியமரத்துக்குப் போய்விட்டது.

பழசு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "மூணாவது கால்?"