சனிக்கிழமைப் பழுது

"நாலு வாரமா சனிக்கிழமையானா இதே பழுது. அதான் ரிப்பேருக்கு வர்ற அந்தப் பையன் வேணாம், வேற ஆளை அனுப்புங்கன்னு பட்டறைக்குப் போன் பண்ணேன்" என்றார் வீடியோ கேம் கடைக்காரர்.

பட்டறையிலிருந்து வந்திருந்த மெக்கானிக் அம்மா பழைய கேம் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். திரை இருட்டு. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"இதுல ஒரு ஒளிப்புள்ளி ஓடி ஓடிக் கோடு போட்டாத்தான் படம். அதை ஓட வைக்கிற ஒயர் கழண்டா, ஒரே இடத்துல நின்னு திரையைப் பொசுக்கிடும். அதனால திரை தானாவே அணைஞ்சு, இந்தச் சிவப்பு விளக்கு எரியுது."

"அவனுக்கு ஒழுங்கா மாட்டத் தெரியல."

"இது பூட்டு வெச்ச பிளக்குங்க. தானாக் கழலாது. யாரோ பவரை நிறுத்திட்டு, பூட்டை அமுக்கி, பூப்போலக் கழட்டியிருக்காங்க."

டோக்கன் கவுண்டரில் இருந்த கடைக்காரரின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாம்பா. அவரு வரணும்னு..."

கடைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அநியாயமா அந்தப் பையனைத் திட்டிட்டேன். இனிமே அவனையே அனுப்புங்கம்மா."

மெக்கானிக் அம்மா பிளக்கை மாட்டிப் பவரைப் போட்டார். திரையெங்கும் கோடுகள் பளபளவென்று ஓடின.

"அனுப்பல, நானே கூட்டிட்டு வர்றேன். அவன் என் பையன்தான். நாலு வாரமா இந்தப் பழுதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். பழுது பண்ற கையைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் இன்னைக்கு நானே வந்தேன்."