புயல் தள்ளி வந்த பறவை

புயலுக்கு மறுநாள், ஹவுரா போகும் படகில் பத்மஜா அண்ணாந்து பார்க்கிறாள். கடற்காற்று தள்ளிவந்த பெரிய கறுப்புப் பறவையொன்று, பிளந்த வாலும் தொண்டையில் தொங்கும் சிவப்புத் தோலுமாக, ஆலா என்னும் சிறிய மீன்பிடிப் பறவையொன்றைத் துரத்தி, வாலைக் கவ்வி உலுக்குகிறது. ஆலா நழுவவிட்ட மீன் நீரைத் தொடுமுன் கறுப்புப் பறவையின் அலகில் இருக்கிறது. "என்ன கம்பீரம், பாருங்கோ" என்கிறார் அருகில் நிற்கும் அவளுடைய மேலதிகாரி அனந்தகிருஷ்ணன். வெயிலில் அலைந்து அவள் வரைந்த ஆற்று வரைபடத்துக்கு போன வாரம்தான் தன் பெயரில் விருது வாங்கியவர். "தண்ணில இறங்கினா றெக்கை ஊறிடும் சார். அடுத்தவா வாயிலேர்ந்து பிடுங்கத்தான் அதுக்குத் தெரியும்." அவர் புரியாமல் சிரிக்கிறார். "அடுத்த மேப்பையும் நீங்களே போட்டுடுங்கோ." "போடறேன் சார். கீழே என் பேரையும் நானே போட்டுக்கறேன்." படகு கரையில் இடிக்கிறது. தூக்கிவரச் சொல்லி வழக்கம்போல அவர் நீட்டும் பையை இன்று தொடாமல் அவள் இறங்கிப் போகிறாள்.