நான்காவது குட்டி

ஈரத்தில் எல்லாக் குட்டிகளும் கறுப்புதான்.

அதனால் அவள் பதறவில்லை. துண்டை மடித்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மீதியைத் தாய்ப்பூனை நக்கித் தீர்த்தது.

காலை வெயில் ஜன்னல் கம்பிகள் வழியாகப் பெட்டிமேல் விழுந்திருந்தது.

முதல் குட்டி காய்ந்தது. சாம்பல்.

இரண்டாவதும் சாம்பல்.

மூன்றாவதன் நெற்றியில் மங்கலாக வரிகள் தெரிந்தன. குட்டிப் பருவத்து வரி. சில மாதங்களில் மறைந்துவிடும்.

இந்தச் சாம்பலைத்தான் பாரசீகப் பூனை வளர்ப்பவர்கள் நீலம் என்பார்கள். வாங்க வருகிறவர்கள், "இதுல எங்கம்மா நீலம்?" என்று கேட்பார்கள். அவள் முடியை ஊதிப் பிரித்துக் காட்டுவாள். வேரிலிருந்து நுனிவரை ஒரே நிறம். கண் மட்டும் தாமிரம். வெள்ளி நிறக் கடுவன் பூனையோடு சேர்க்கலாமா என்று கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒருமுறை கலந்துவிட்டால் அது எந்த ஈற்றிலாவது எட்டிப் பார்க்கும் என்பாள்.

நான்காவது குட்டி இன்னும் காயவில்லை என்று நினைத்தாள்.

மறுபடி துடைத்தாள். வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

காய்ந்துதான் இருந்தது.

கறுப்பு.

நீலமும் நீலமும் சேர்ந்தால் கறுப்பு பிறக்காது. பதினொரு வருடமாக வளர்க்கிறாள், ஒருமுறைகூடப் பிறந்ததில்லை. பிறக்க வழியும் இல்லை. தாயின் சான்றிதழில் நான்கு தலைமுறைப் பெயர்கள் உண்டு. அவளுடைய கடுவன் சுல்தானின் சான்றிதழிலும் அப்படியே. எல்லாப் பெயருக்கும் எதிரே நீலம்.

ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் இருக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

இணை சேர்த்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தாள். அறுபத்தைந்து.

அப்போது இரண்டு நாள் பூனையைச் சுல்தானோடு விட்டிருந்தாள். மூன்றாம் நாள் அக்கா மகன் கல்யாணத்துக்குப் பழனி போக வேண்டியிருந்தது. பூனைக்குப் பருவம் அடங்கவில்லை. இதே மாடி அறையில் வைத்துச் சாத்தினாள். ஜன்னலைத் திறக்கக் கூடாது, வீட்டை விட்டு நகரக் கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். பூனைக்காகவே அவர் கல்யாணத்துக்கு வரவில்லை.

தெருவில் ஒரு கறுப்புக் கடுவன் உண்டு. மதில்மேல் நடக்கும்.

"என்னங்க, கொஞ்சம் மேல வாங்க."

தண்டபாணி வந்தார். பெட்டிக்குள் குனிந்தார். "நாலு!" என்றார் சந்தோஷமாக. பிறகுதான் கறுப்பைப் பார்த்தார்.

"ஜன்னலைத் திறந்தீங்களா?"

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஒரே புழுக்கமா இருந்துச்சு. அதுவும் கத்தீட்டே கெடந்துச்சு. காத்து வரட்டும்னு ஒரு கதவை மட்டும் திறந்து வச்சுட்டுப் போனேன்."

"எங்க போனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சேலத்துக்கு."

சேலத்தில் அவர்களுக்கு இருப்பது ஒருத்திதான். மகள் இந்துஜா. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். இந்த வீட்டிலிருந்து யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னவள் இவள்.

"இந்துவுக்குப் பொண்ணு பொறந்திருக்குது, வசு. நீ பழனி கிளம்புன அன்னைக்குத்தான் பொறந்துச்சு. மூணு நாளும் காலையில போய்ப் பாத்துட்டு, சாயங்காலம் வண்டி புடிச்சு வந்துட்டேன். பூனைக்குச் சோறு வைக்கணுமே."

அந்த மூன்று நாளும் அவள் போன் செய்திருந்தாள். பூனை சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டது என்றார்.

பொய்யில்லை.

பெட்டிக்குள் மூன்று சாம்பலும் ஆளுக்கொரு காம்பைப் பிடித்திருந்தன. கறுப்பு, கண் திறக்காத தலையை ஆட்டி ஆட்டித் தேடிக்கொண்டிருந்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது.

மேசைமேல் பதிவுப் படிவம் இருந்தது. தகப்பன் என்ற கட்டத்தில் சுல்தானின் முழுப் பெயரை நேற்றே எழுதி வைத்திருந்தாள். மூன்று வீட்டில் குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

படிவத்தை எடுத்தாள். நாலாக மடித்தாள். ஆடுகிற பக்கத்துக்கு அடியில் சொருகினாள்.

பெட்டி நின்றது.

திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார்.

அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. சுகப்பிரசவமா. கூட யார் இருந்தார்கள். பால் இருக்கிறதா. பதினொரு வருடப் பழக்கம், வாயில் வேறொன்று வந்தது.

"என்ன நிறம்?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"உன் நிறம்."

போனை எடுத்தார். படத்தைத் தேடி நீட்டினார்.

அவள் கையைத் துண்டில் துடைத்தாள்.

துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.