உள் தையல்

"குழந்தையைத் தூக்காதீங்க அண்ணி! இப்பதான் தூங்க வெச்சேன்."

தொட்டில் வரை வந்த நாத்தனார், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு பக்கத்து அறையிலிருந்த தையல் மெஷினுக்கே திரும்பிப் போனாள்.

தொட்டிலில் குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, பொக்கை வாயால் சிரித்தது.

பக்கத்து வீட்டுக்காரி இளம் தாயின் காதைக் கடித்தாள். "என்னடி, அத்தைக்கே தடையா?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா? அண்ணிக்குக் கிட்னியில கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்கல்ல? எடுத்துப் பார்த்தா, மார்புல இருக்க வேண்டிய சதையாம். இடம் மாறி அங்க போய் உட்கார்ந்திருக்கு!"

"ஐயே! கிட்னியிலயா?"

"கெட்ட கட்டி இல்ல, யாருக்கும் ஒட்டாதுன்னுதான் டாக்டர் சொல்றார். எனக்கென்னவோ மனசு ஒப்பல. தெருவுல நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். எல்லாரும் மூக்கைச் சுளிக்கிறாங்க."

"விசாரிச்சியா, பரப்பினியா?"

"போங்கக்கா! இந்த லட்சணத்துல, உடம்பு போட்டிருக்கே, பிரிச்சுத் தைக்கிறேன்னு என் சட்டையெல்லாம் வேற அள்ளிட்டுப் போயிட்டாங்க. யார் கேட்டா?"

சொல்லும்போதே இடது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள். பிரசவத்திலிருந்து அக்குளில் ஒரு கட்டி. குழந்தை அழுதால் போதும், கசிந்துவிடும். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

மறுநாள், அண்ணி திருப்பிக் கொடுத்த சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு, குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனாள்.

"கையை ஏன் இப்படி ஒட்டவெச்சிருக்கே? தூக்கு பார்ப்போம்" என்றாள் நர்ஸ்.

வேறு வழியில்லை. காட்டினாள். "புத்துநோயா சிஸ்டர்?"

"அட, இது பால்மா! நீ உங்கம்மா வயித்துல இருந்தப்பவே மார்புச் சதை கொஞ்சம் இடம் மாறி அங்க நின்னுபோச்சு. சில பேருக்கு இருக்கும். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு. பயப்படாதே."

இடம் மாறிய சதை. அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஆனா ஒண்ணு, இவ்வளவு கசிஞ்சும் வெளியில ஒரு பொட்டு ஈரம் தெரியல!"

நர்ஸ் சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்பினாள். அக்குளில் மெத்தென்று இரண்டு மடிப்புப் பருத்தித் துணி. கண்ணுக்கே தெரியாத தையல்.

"விஷயம் தெரிஞ்ச ஆள்தான் தைச்சிருக்காங்க. யாரு?"

ஊசி போட்ட குழந்தை வீறிட்டது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"என் நாத்தனார்" என்றாள். "சட்டையில கறையைப் பார்த்திருக்காங்க சிஸ்டர். ஆனா... ஒருத்தர்கிட்டயும் சொல்லல."